படிவத்தில் நான் போட்ட ‘இல்லை’

எங்கள் குடும்பத்தில் படிவம் நிரப்புகிற ஆள் நான். கனடாவில், எங்கள் ஸ்காபரோவில் எல்லாத் தமிழ்க் குடும்பத்திலும் இப்படி ஒருவன் இருப்பான். மற்றவர்களுக்கு முன்னால் வந்து சேர்ந்தவன், ஆங்கிலத்தில் நாலு கடிதம் எழுதத் தெரிந்தவன், யார் கேட்டாலும் மாட்டேன் என்று சொல்லத் தெரியாதவன். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து கோவில் மண்டபத்தில் தேநீர் குடித்துக்கொண்டிருக்கும்போதே யாராவது ஒரு மண்ணிறக் கடித உறையோடு பக்கத்தில் வந்து நிற்பார்கள். ஸ்பொன்சர், குடியுரிமை, கார் காப்புறுதி, ஆஸ்பத்திரி என்று ஏதாவது ஒன்று. நான் சலித்துக்கொள்வதுபோல முகத்தை வைத்துக்கொள்வேன். உள்ளுக்குள் எனக்கு அது பெரிய பெருமை.

நீண்ட நாள் பழக்கத்தில் எனக்கென்று ஒரு முறை வைத்திருந்தேன். ஆம், இல்லை என்று இரண்டு கட்டம் இருந்தால் ‘இல்லை’யில் புள்ளடி போடு. பொய் சொல்லவேண்டும் என்பதற்காக இல்லை. ‘ஆம்’ என்று போட்டால் கீழே ‘விவரம் தருக’ என்று ஆறு கோடு இருக்கும். அகதியாக வந்து இறங்கியவனுக்கு அந்த ஆறு கோடுகளைக் கண்டாலே பேனையை மூடி வைக்கத் தோன்றும். எழுதினால் கடிதம் வரும், அதற்குப் பதில் போட்டால் இன்னொரு கடிதம் வரும், இரண்டு வருடம் இழுபடும். என் கைபட்ட கோப்புகளில் எங்கள் சனத்துக்குச் சீனி வருத்தமும் இல்லை, பிரசரும் இல்லை, தடிமன்கூட வந்தது கிடையாது. இதைச் சொல்லிச் சொல்லி நாங்கள் எத்தனையோ தரம் சிரித்திருக்கிறோம்.

அப்படி நான் நிரப்பிய ஒரு படிவம்தான் என் தங்கையின் கணவனைக் கொன்றது. இதை வேறு விதமாக எழுத எனக்குத் தெரியவில்லை.

மச்சான் என்னைவிட நாலு வயது இளையவன். பஸ் ஓட்டினான். கூட வேலை செய்த ஒருவன் அவனை ஒரு நாள் நீச்சல் குளத்துக்குக் கூட்டிக்கொண்டுபோய், முதுகில் காற்றுச் சிலிண்டரைக் கட்டித் தண்ணீருக்குள் இறக்கிவிட்டிருக்கிறான். அன்று பிடித்த பைத்தியம் பிறகு விடவில்லை. தனியாக இறங்கக்கூடாது, சோடி வேண்டும் என்பது அந்த விளையாட்டின் சட்டம். அந்தச் சோடியாக அவன் பிடித்துக்கொண்டது என்னை. எனக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, தொந்தி வேறு. கிங்ஸ்டனுக்குப் பக்கத்தில் ஏரியின் அடியில் கிடக்கும் பழைய மரக் கப்பல்களை நாங்கள் இரண்டு பேரும் கோடைக்குக் கோடை போய்ப் பார்த்தோம்.

சொந்தக்காரர் வாய் சும்மா இருக்குமா? “படகிலை உயிரைக் கையிலை பிடிச்சுக்கொண்டு வந்த சனம், இப்ப காசு குடுத்துத் தண்ணிக்குள்ள போகுதுகள்” என்று கலியாண வீடுகளில் எங்களை வைத்து வறுத்தெடுப்பார்கள். என் தங்கையும் சேர்ந்து சிரிப்பாள். ஆனால் அவன் ஈர உடுப்புகளைக் குளியலறையில் தொங்கவிட்டு வீடெல்லாம் ஏரி மணம் வீசினாலும் அவள் ஒரு சொல் சொன்னதில்லை. அவனுக்கு வேறு ஆசை இல்லை என்பது அவளுக்குத் தெரியும்.

ஸ்கொட்லாந்துக்குப் போகவேண்டும் என்பது மச்சானின் கனவு. அங்கே வடக்கே ஓர்க்னி தீவுகளுக்கு நடுவில் ஒரு பெரிய கடல். முதல் உலகப் போர் முடிந்தபோது பிரித்தானியர் பிடித்துவைத்திருந்த ஜெர்மன் போர்க்கப்பல்களை அவற்றின் மாலுமிகளே அடியில் தண்ணீர்க் கதவுகளைத் திறந்துவிட்டுத் தாழ்த்திய இடம். பலவற்றைப் பிறகு பழைய இரும்புக்காகத் தூக்கிவிட்டார்கள். ஏழோ என்னவோ இன்னும் அடியில் கிடக்கின்றன.

“தங்கட கப்பலைத் தாங்களே தாட்டவங்கள், மச்சான். மற்றவன் கையிலை குடுக்கக்கூடாது எண்டு. எவ்வளவு ரோசம் இருந்திருக்கும்!” என்பான். ஃபோனில் அந்தக் கப்பல்களின் படத்தைப் பெரிதாக்கி என் மூக்குக்கு நேரே பிடிப்பான்.

அவனுக்கு ஐம்பது வயது முடிந்த வருடம், அந்தக் கப்பல்களுக்கு ஆட்களை ஏற்றிப்போகும் ஒரு படகில் இடம் பதிந்தோம். படகுக்காரர் ஆளுக்கொரு மருத்துவப் படிவம் அனுப்பினார். இரண்டையும் நிரப்பியது நான், வெக்ஸ்போர்ட்டில் என் வீட்டுச் சாப்பாட்டு மேசையில், ஒரு ஞாயிறு மத்தியானம். மச்சான் எதிரே இருந்து மட்டன் ரோல்ஸ் தின்றுகொண்டிருந்தான். உயரம் கேட்டேன், நிறை கேட்டேன். அதற்குப் பிறகு ஒன்றும் கேட்கவில்லை. ‘இல்லை’ வரிசையில் மேலிருந்து கீழே ஒரே இழுவையாகப் போட்டுக்கொண்டு போனேன். உயர் இரத்த அழுத்தம் உண்டா, அதற்கு மருந்து எடுக்கிறீர்களா என்று ஒரு கேள்வி நடுவில் இருந்தது. அவனுக்கு இருந்தது. எனக்குத் தெரியும். மருந்துக்கடைக்கு அவனை நானே இரண்டு தரம் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறேன். ஆனால் படிவம் கைக்கு வந்தால் என் மூளை வேறு, கை வேறு. ‘ஆம்’ என்றால் வைத்தியரிடம் கையெழுத்து வாங்கிவரச் சொல்லியிருப்பார்கள். அவ்வளவுதான். ஒரு வைத்தியரைப் பார்க்கவேண்டிய வேலை.

அவன் எண்ணெய்க் கையைத் துடைத்துவிட்டு, வாசிக்காமலே கையெழுத்து வைத்தான்.

“நீங்கள் பாத்தாச் சரிதானே” என்றான்.

நான் வேலை செய்வது ஒரு இரும்பு உதிரிப்பாகத் தொழிற்சாலையில், தரம் பார்க்கும் பிரிவில். அங்கே ஒரு ஆணியின் தடிப்பை அளக்காமல் நான் புள்ளடி போட்டது கிடையாது. இதை நினைக்கும்போதெல்லாம் என் கன்னத்தில் நானே அறையவேண்டும் போலிருக்கும். சில நாள் அறைந்துமிருக்கிறேன்.

மே மாதம் போனோம். முதல் மூன்று நாளும் அருமையாகப் போயின. விடுதியில் காலையில் அவன் தேநீரோடு ஒரு பிரசர் குளிசை போடுவதைக் கண்டேன். வாரத்துக்கு ஏழு அறை வைத்த ஒரு சின்னப் பிளாஸ்ரிக் பெட்டி வைத்திருந்தான். ஞாயிறு, திங்கள், செவ்வாய், புதன். ஒவ்வொரு நாளும் அந்த நாளுக்குரிய மூடியைத் திறந்து, போட்டு, மூடினான். நான் பார்த்துக்கொண்டுதான் பாண் தின்றேன். அந்தப் படிவம் ஒரு தரமாவது என் நினைவுக்கு வந்ததா? வரவில்லை.

புதன்கிழமை, தாழ்ந்து கிடந்த ஒரு சின்னப் போர்க்கப்பலுக்கு இறங்கினோம். கயிற்றைப் பிடித்துக்கொண்டு முப்பது மீட்டருக்கும் கூடுதலாகக் கீழே போகவேண்டும். தண்ணீர் ஒன்பது பாகை. உடம்பைத் தண்ணீர் புகாத உடை காத்தாலும் உதடும் கன்னமும் முதல் நிமிடத்திலேயே மரத்துவிடும். மேலே இருந்து பார்த்தால் கரும்பச்சை. பிறகு அந்தப் பச்சைக்குள்ளே சுவர்போல ஒன்று எழும்பி வந்தது. கப்பல் பக்கவாட்டில் சரிந்து கிடந்தது. இரும்பு முழுவதும் வெள்ளையும் செம்மஞ்சளுமாகக் கடற்பூக்கள். நான் விளக்கை அடித்துக்கொண்டு போக, மச்சான் முன்னால் போய்ப் பீரங்கியைக் கண்டுபிடித்தான். அதன் குழாயில் கையை வைத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தான். முகமூடிக்குள்ளே அவன் கண் சிரித்தது எனக்கு நன்றாகத் தெரிந்தது.

இரண்டு நிமிடம் கழித்து அவன் கையை விரித்து இரண்டு பக்கமும் ஆட்டினான். ஏதோ சரியில்லை என்பதற்கான சைகை. பிறகு நெஞ்சைக் காட்டினான். உடையின் கழுத்துப்பட்டி இறுக்குகிறது என்று காலையில் சொல்லியிருந்தான், அதுதானாக்கும் என்று நினைத்தேன். கழுத்தைத் தொட்டுக் காட்டினேன். அவன் தலையை ஆட்டி மறுத்தான். அவனுடைய காற்றுக் குமிழிகள் விட்டுவிட்டு வராமல் ஒன்றன்மேல் ஒன்றாக வந்தன. கட்டைவிரலை உயர்த்தினான். மேலே போவோம்.

மேலே வரும் வழியில் அவன் இருமத் தொடங்கினான். தண்ணீருக்குள்ளே இருமலைக் கேட்கலாம் என்று அன்றுதான் எனக்குத் தெரிந்தது. வழமையாகக் கயிற்றில் சிறிது நேரம் நின்று வரவேண்டிய ஆழத்தில் அவன் நிற்கவில்லை. நானும் அவனை நிறுத்தவில்லை.

படகின் பின்புறத்தில் ஆட்களைத் தூக்கி எடுக்கும் ஒரு தட்டு உண்டு. அதில் அவனை எடுத்தபோது வாயிலிருந்து நுரை வந்தது, ரோசா நிறத்தில். படகுக்காரர் ஒட்சிசன் மூடியை அவன் முகத்தில் வைத்து, ரேடியோவில் உதவிக்குக் கூப்பிட்டுவிட்டு, படிவங்கள் வைத்த பலகையோடு என்னிடம் ஓடி வந்தார்.

“இருதய வருத்தம், பிரசர், மருந்து ஒன்றுமில்லை என்று இதில் இருக்கிறது. சரிதானே?” என்று கேட்டார்.

நான் “சரி” என்றேன்.

மச்சானின் தலை என் மடியில் இருந்தது. அவனுக்குக் கேட்டிருக்கும். அவன் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தான். கோபமா, பயமா, ஒன்றும் விளங்காத பார்வையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேச அவனுக்கு மூச்சு இருக்கவில்லை.

ஆஸ்பத்திரியில் வைத்தியரிடம் உண்மையைச் சொன்னேன். ஒரு மணித்தியாலம் பிந்திச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டார். சாயந்தரம் நாலு மணிக்கு அவன் போய்விட்டான். குளிர்ந்த தண்ணீரில், பிரசர் உள்ளவர்களுக்கு நுரையீரலுக்குள் நீர் கோத்துவிடக்கூடும் என்று வைத்தியர் விளக்கினார். முன்கூட்டியே தெரிந்திருந்தால் என்ன செய்திருப்பார்கள் என்று கேட்டேன். “தண்ணீரில் இறங்க விட்டிருக்கமாட்டார்கள்” என்றார், மிக மெதுவாக. மறுநாள் வந்த பொலிஸ்காரரிடமும் ஒன்றையும் மறைக்கவில்லை. படிவத்தில் இருந்த பிழை என்னுடையது என்று எழுதிக் கையெழுத்து வைத்தேன்.

முன்பின் தெரியாத ஆட்களிடமெல்லாம் உண்மையைச் சொல்லிவிட்டேன். சொல்லவேண்டிய ஒருத்திக்கு மட்டும், பிரசரால் போனான் என்று ஃபோனில் சொன்னதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

விடுதியில் அவனுடைய பெட்டியை அடுக்கியது நான்தான். காற்சட்டைகள், சவர சாமான், தங்கைக்கு வாங்கிய கம்பளிச் சால்வை. குளிசைப் பெட்டி கையில் வந்தபோது அப்படியே நின்றுவிட்டேன். வியாழன், வெள்ளி, சனி மூன்று அறையிலும் குளிசை இருந்தது. அதை அவள் கண்டால் முதல் கேள்வி, அண்ணை, உங்களுக்கு இது தெரிந்திருந்ததா என்பதாக இருக்கும். அதைப் பெட்டிக்குள் வைக்காமல் என் ஜக்கெற் பைக்குள் போட்டேன். ரொறன்ரோவுக்கு வந்ததும் காரில் முன் இருக்கைக்கு எதிரே உள்ள சின்ன அறைக்குள் வைத்துப் பூட்டினேன்.

வந்த இரண்டாம் நாளே நான் செய்தது எவ்வளவு பெரிய பாவம் என்று தெரிந்துவிட்டது. வோபர்னில் தங்கை வீட்டு நிலவறைவரை சனம். அவள் குசினியில் குளிர்ப்பெட்டியோடு சாய்ந்து நின்றுகொண்டு ஒரு குளிசைப் போத்தலைக் கையில் வைத்திருந்தாள். மச்சானுடையது. அவன் ஏழு குளிசையை மட்டும் சின்னப் பெட்டிக்கு மாற்றி எடுத்துக்கொண்டு, போத்தலை வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறான். அந்தச் சின்னப் பெட்டியைப் பற்றி அவளுக்குத் தெரியாது.

“ஒவ்வொரு முறையும் நான்தான் எடுத்து வைக்கிறனான் அண்ணை. அண்டைக்கு எனக்கு விடியக்காலமை வேலை. மறந்து போனன். அவர் குளிசை இல்லாமல் வெளிக்கிட்டுப் போனார். நான்தான் அவரைச் சாக்காட்டிப்போட்டன்” என்றாள்.

காரின் சாவி என் பைக்குள் இருந்தது. வாசலுக்குப் போய் வர ஒரு நிமிடம். நான் அவளுடைய தலையைத் தடவி, “அப்பிடிச் சொல்லாதை பிள்ளை” என்றேன்.

முப்பத்தோராம் நாள் பூசைக்குப் பிறகு மண்டபத்தில் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு அன்ரி பக்கத்தில் இருந்த பெண்ணிடம் சொன்னது என் காதில் விழுந்தது. “குளிசை கொண்டு போகேல்லையாம். பெண்சாதி எண்டு ஒருத்தி இருந்து என்ன பிரயோசனம்?” நான் சோற்றைப் பிசைந்துகொண்டிருந்தேன். எழும்பி நின்று சொல்லியிருக்கலாம். பிசைந்ததை அள்ளி வாயில் வைத்தேன்.

ஸ்கொட்லாந்திலிருந்து வந்த கடிதங்களெல்லாம் என் ஈமெயிலுக்குத்தான் வந்தன. குடும்பத்துக் கடிதம் வேறு எங்கே வரும்? நான் வாசித்து, அவளுக்குத் தேவையானது என்று எனக்குப் பட்டதை மட்டும் சொன்னேன். நன்றி அண்ணை என்பாள். ஒவ்வொரு சனிக்கிழமையும் அவளைப் பார்க்கப் போனேன். சாமான் வாங்கிக் கொடுத்தேன், வாசலில் பனி வழித்தேன். நல்ல தமையன் என்று எல்லோரும் சொன்னார்கள். நாளைக்குச் சொல்லுவோம், அவள் கொஞ்சம் தேறட்டும் என்று நினைத்து நினைத்தே மாதங்கள் போயின. அவளோ தேறவில்லை. வேலையை விட்டாள். கழுத்தெலும்பு வெளியே தள்ளிக்கொண்டு வந்தது. நான் உள்ளே வரும்போது மட்டும் எழும்பிப்போய்த் தேநீர் போடுவாள். அந்தத் தேநீரைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்து, காரை நிறுத்திவிட்டு, உள்ளே போக மனமில்லாமல் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு இருப்பேன். செத்துப்போனால் நல்லது என்று நினைத்த நாட்கள் உண்டு. அதற்கும் எனக்குத் துணிவில்லை.

ஜனவரியில் அவளுடைய மகள், பல்கலைக்கழகத்தில் படிக்கிறவள், என்னை வாசலிலேயே மறித்தாள்.

“மாமா, அம்மா ஒவ்வொரு நாளும் அந்தப் போத்திலைக் கொட்டி எண்ணிறா. ஷீ டஸன்ட் ஸ்லீப். நீங்கள் சொன்னாத்தான் கேப்பா. ப்ளீஸ்.”

நீங்கள் சொன்னால்தான் கேட்பா. நான் திரும்பிக் காருக்குப் போனேன். ஓடிவிடத்தான் போனேன் என்பதையும் சொல்லவேண்டும். கதவைத் திறந்து இருக்கையில் இருந்தபிறகு, ஏனோ, முன் அறையைத் திறந்தேன்.

குசினி மேசையில் குளிசைகள் வரிசையாக இருந்தன. நான் உள்ளே போய்த் தங்கைக்கு எதிரே இருந்தேன்.

“பிள்ளை, அவன் குளிசை போட்டவன்.”

“என்ன?”

“ஒவ்வொரு நாள் காலமையும் போட்டவன். நான் கண்டனான்.” பெட்டியை மேசையில் வைத்தேன்.

அவள் ஞாயிறைத் திறந்தாள். வெறுமை. திங்கள், செவ்வாய். புதன்கிழமை அறையைத் திறந்து உள்ளே விரலை விட்டுத் தடவிப் பார்த்தாள். பிறகு விரலைப் பார்த்தாள்.

“எங்கை இருந்தது உது?”

“என்ரை காருக்குள்ள.”

“அப்ப அவருக்குப் பிரசர் எண்டு உங்களுக்கு முதலே தெரியும்.”

“ஓம்.”

“படகுக்காரருக்கு நிரப்பின படிவத்திலை என்னெண்டு போட்டனீங்கள்?”

“இல்லை எண்டு போட்டனான். அவன் சொல்லேல்லை. நான் கேக்கவுமில்லை. என்ரை பாட்டிலை போட்டுக்கொண்டு போனன்.”

அவள் அழுவாள் என்று எதிர்பார்த்தேன். பெட்டியை எடுத்து என் முகத்தில் எறிவாள் என்று எதிர்பார்த்தேன். அவள் மேசையில் இருந்த குளிசைகளை ஒரு கையால் கூட்டி மற்றக் கைக்குள் தள்ளிப் போத்தலுக்குள் போட்டாள். மூடியைத் திருகினாள்.

“எனக்குத் தந்திருந்தாலும் நானும் இல்லை எண்டுதான் போட்டிருப்பன். எங்கட சனம் எல்லாரும் அப்பிடித்தானே. அதுக்கு நான் உங்களோட கோவிக்கேல்லை அண்ணை” என்றாள்.

அந்த ஒரு கணம் எனக்கு மூச்சு வந்தது. என் தங்கை என்னை மன்னித்துவிட்டாள் என்று நினைத்தேன். மேசைக்கு மேலே அவளுடைய கையைப் பிடிக்கப்போனேன். அவள் கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள்.

“எட்டு மாசம்” என்றாள். “எட்டு மாசமா நான் என்ரை புருசனைச் சாக்காட்டினவள் எண்டு நினைச்சுக்கொண்டு இந்தக் கதிரையிலை இருந்தனான். நீங்கள் உந்தக் கதிரையிலை இருந்து, நான் போட்ட தேத்தண்ணியைக் குடிச்சுக்கொண்டு, என்னைப் பாத்துக்கொண்டு இருந்தனீங்கள்.”

நான் வாயைத் திறந்தேன்.

“ஒண்டும் சொல்லாதேங்கோ. எழும்புங்கோ.”

எழும்பினேன். சப்பாத்துப் போடும்போது பின்னால் அவள் நிற்கவில்லை. மகள்தான் கதவைச் சாத்தினாள்.

அடுத்த கிழமை என் மனைவி அவளைப் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னாள், இப்போது நித்திரை கொள்கிறாளாம். பத்து மணிக்குப் படுத்தால் விடியும்வரை கொள்கிறாளாம். மார்ச்சில் திரும்ப வேலைக்குப் போகத் தொடங்கினாள். எட்டு மாதம் எந்த மருந்தும் எந்தப் பூசையும் செய்யாததை நான் சொன்ன ஒரு வசனம் ஒரு கிழமையில் செய்துவிட்டது. அதைச் சொல்ல எனக்கு எட்டு மாதம் எடுத்தது.

ஏப்ரலில் கோவில் வாகனத் தரிப்பிடத்தில் நேருக்கு நேர் சந்தித்தோம். முகம் தெளிந்து, கொஞ்சம் சதை பிடித்திருந்தாள். ஸ்கொட்லாந்திலிருந்து நான் கொண்டுவந்து கொடுத்த சால்வையைப் போர்த்திருந்தாள். அந்த ஆஸ்பத்திரி வாசலிலிருந்தே ஃபோனில் உண்மையைச் சொல்லியிருந்தால் கத்தியிருப்பாள், வாயில் வந்தபடி ஏசியிருப்பாள், விமான நிலையத்தில் வந்து என் சட்டையைப் பிடித்து உலுக்கியிருப்பாள். பிறகு அந்தச் சட்டையிலேயே முகத்தை வைத்து அழுதுமிருப்பாள். அழ அவளுக்கு வேறு தமையன் இல்லை.

“மச்சாளைக் கேட்டதாச் சொல்லுங்கோ” என்றாள், தெரிந்த ஒருவரிடம் சொல்வதுபோல மரியாதையாக. சொல்லிவிட்டுக் காரில் ஏறினாள்.